வில்லியனூர் டூ வில்லியனூர் – 7: எட்டு முறை இறங்கலாம்

நாட்டை ரயிலிலேயே ஒரு சுற்று சுற்றப்போகிறோம், புறப்படுவது வில்லியனூரிலிருந்து. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் வடகிழக்குக்கான அனுமதிச் சீட்டு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் அது வேண்டும். அதற்குமேல் எழுத விடாமல் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது சுற்று டிக்கெட்.

சர்க்குலர் ஜர்னி டிக்கெட் என்பார்கள். கிளம்பிய நிலையத்திலேயே பயணம் முடிய வேண்டும். நடுவில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கிவிட்டு ஏறலாம். ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான காசு குறையும். துண்டு துண்டாக டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் உச்ச விலையிலிருந்து ஆரம்பிக்கிறோம். சுற்று டிக்கெட்டில் 8,000 கிலோமீட்டர் போனால் 4,000 கிலோமீட்டர் பயணம் இரண்டு என்று கணக்கு. புதுச்சேரி நிலையம் திருச்சி கோட்டத்தில் வருவதால், வழித்தடத்தை எழுதி அங்குள்ள வணிகப் பிரிவிடம் கேட்க வேண்டும். படுக்கை மட்டும் ரயிலுக்கு ரயில் தனியாக முன்பதிவு. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120.

பாகூர் டீக்கடையில் இதைச் சொன்னேன். ரயிலே இல்லாத ஊர். வண்டி பிடிக்க கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குத்தான் போகவேண்டும்.

"ஏன் தம்பி, எட்டு தடவ எறங்குனா எட்டு டிக்கெட்டா?"

"இல்ல பெரியப்பா, ஒண்ணேதான்."

"அப்ப காசிய மொதல்ல எழுது."

எழுதியாயிற்று. சம்பா அறுவடை முடிந்து மாசியில் கிளம்பினால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆசை வேறு. மாகே, ஏனாம் இரண்டும் இந்தச் சுற்றில் வந்தே ஆகவேண்டும். நம் அரசாங்கம்தான், நம் சட்டமன்றம்தான், ஆனால் இங்கே எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? 1954 அக்டோபர் 18-ல் நம்ம கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்களே, அதற்கு முன்பே அந்த இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரரை அனுப்பிவிட்டிருந்தன. மாகே ஒன்பது சதுர கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி, ஈரோடு, பாலக்காடு, ஷொர்ணூர் வழியே போய்ச் சேர்கிறோம். இறங்கினால் மாகே ஸ்டேஷன் மாகேயில் இல்லை! கேரளத்து அழியூரில் இருக்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நமக்கு இதில் ஆச்சரியப்பட உரிமையும் இல்லை. பாகூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் போனால் நடுவில் தமிழ்நாடு வந்து போகிறதே.

ஏனாமுக்கு ஸ்டேஷனே கிடையாது. ஹவுரா பக்கமிருந்து திரும்பும்போது சாமல்கோட்டில் இறங்கி, காக்கிநாடா போய், பஸ் பிடித்தால் கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசும் புதுச்சேரி. காரைக்காலை இதில் சேர்க்கவில்லை, அங்கே எப்போது வேண்டுமானாலும் பஸ்ஸில் போய்வரலாம்.

ஆக, மாகே, சாமல்கோட், காசி போக மிச்சம் ஐந்து நிறுத்தம். டெல்லியை வெட்டினால் கவுகாத்திக்கு இடம் கிடைக்கும். கவுகாத்தி இருந்தால்தான் அனுமதிச் சீட்டுக்கே வேலை. அது அடுத்த வாரம்.