குழந்தைகளின் மலக்கசிவு
மலக்கசிவு என்பது 4 வயதைக் கடந்த குழந்தை உள்ளாடையில் அடிக்கடி மலம் கழித்துவிடும் நிலையாகும். பெரும்பாலும் நாட்பட்ட மலச்சிக்கலே இதற்குக் காரணம். வலிக்கு அஞ்சியோ, பள்ளிக் கழிப்பறைக்குச் செல்லத் தயங்கியோ குழந்தை மலத்தை அடக்குகிறது. தேங்கி இறுகிய மலத்தால் மலக்குடல் விரிந்து உணர்வு மங்குகிறது. இளகிய மலம் குழந்தை அறியாமலே கசிகிறது. இதை வயிற்றுப்போக்கு எனத் தவறாக எண்ணுவோர் உண்டு.

மருத்துவர் தரும் மலமிளக்கியைப் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கலாம். உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் கழிப்பறையில் அமரப் பழக்க வேண்டும். தண்ணீர், கீரை, கொய்யா ஆகியவை உதவும். வேம்பார் போன்ற பனை மிகுந்த தூத்துக்குடிக் கடலோர ஊர்களில் நார்ச்சத்துள்ள பனங்கிழங்கும் கிடைக்கிறது.

அடியும் கேலியும் அடக்கும் பழக்கத்தையே வளர்க்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாற்றுடையும், கேட்டவுடன் கழிப்பறை செல்ல அனுமதியுமே ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி.