கராஜுக்குள்ள ஒரு தோட்டா பட்டறை!

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி அதுல மிளகாய்த்தூள் போட்டு வைக்கிறது நம்ம வீட்டு வழக்கம். அமெரிக்காவுல சில பேர் சுட்டு முடிச்ச தோட்டாவையே சுத்தம் பண்ணி, திரும்ப நிரப்பி, திரும்பச் சுடுறாங்க. 'ரீலோடிங்'னு பேரு. அங்கே அது சட்டப்படி சரியான பொழுதுபோக்கு.

பெரியப்பா பையன், என் அண்ணன், விஸ்கான்சின்ல எம்.எஸ். படிக்கிறான். அவன் லேப்ல இருக்கிற ஒரு அமெரிக்கப் பையன், ஒரு சனிக்கிழமை தன் தாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். கராஜுல கார் இல்லை, பட்டறை! அண்ணன் வீடியோ கால் போட, இங்கே ராத்திரி பதினோரு மணிக்கு நான் போர்வைக்குள்ள இருந்தே கேள்வி மேல கேள்வி. பெரியவர் சலிக்காம பதில் சொன்னார்.

தோட்டாவுல நாலே நாலு சமாச்சாரம்தான். பித்தளை உறை, அதோட அடியில பொரி கிளப்புற பிரைமர், உள்ளே பவுடர், நுனியில புல்லட். சுட்டதும் புல்லட் பறந்துடும், பவுடர் எரிஞ்சிடும், பிரைமர் செத்துடும். உறை மட்டும் அப்படியே கீழே விழும். தோட்டாவுலேயே விலை கூடின பாகம் பெரும்பாலும் அந்த உறைதான். அதனாலதான் இந்தக் கூத்தே!

அந்த உறை 70% செம்பு, 30% துத்தநாகம். வெடிக்கிற அழுத்தத்துல விரிஞ்சு துப்பாக்கிச் சுவரோட ஒட்டிக்கும், அழுத்தம் இறங்கினதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். மறுபடி பழைய சைஸுக்கு அமுக்க ஒரு 'டை' வேணும். விரிய, அமுக்க, விரிய, அமுக்கன்னு போனா பித்தளை இறுகி, கழுத்துல கீறல் விழும். மெட்டலர்ஜி பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு நான் மனப்பாடம் பண்ணி எழுதின 'வொர்க் ஹார்டனிங்', பெரியவர் கையில கீறலோட நின்னுச்சு. அளவா சூடு காட்டினா கழுத்து திரும்ப இளகும்.

அமோனியா கலந்த பாலிஷ் போட்டு உறையைத் துலக்கவே கூடாதாம். இதுக்குப் பின்னால நம்ம நாட்டுக் கதை ஒண்ணு இருக்கு. 19-ம் நூற்றாண்டுல இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைக்காலத்துல தோட்டாக்களைக் குதிரை லாயத்துல அடுக்கி வைக்கும். எடுத்துப் பார்த்தா உறையெல்லாம் வெடிப்பு! குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியாதான் வில்லன்னு 1921-ல தான் விளக்கினாங்க.

சரி, ஸ்டூடண்ட் பட்ஜெட்டுல இதை எப்படி ஆரம்பிக்கிறது? பெரியவர் ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். லீ லோடர். அதே விஸ்கான்சின் ஆளான ரிச்சர்ட் லீ 1958-ல கொண்டு வந்தது. மெஷின் கிடையாது. உறையை டைக்குள்ள வெச்சு மரச் சுத்தியால தட்டணும், அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேப் ஞாபகம் வந்துடுச்சு. ஆனா ஆமை வேகம். பிரைமரைத் தட்டி உட்கார வைக்கும்போது சமயத்துல 'டப்'புனு வெடிச்சும் வைக்கும். கண்ணாடி போடாம கிட்டப் போகக் கூடாது.

அடுத்த படி, செகண்ட் ஹேண்ட் பிரஸ். வார்ப்பிரும்பு, தலைமுறைக்கும் தாங்கும். டை மாட்டுற மரை பெரும்பாலும் 7/8 இஞ்ச், இஞ்சுக்கு 14 புரி. எந்தக் கம்பெனி டையும் எந்தக் கம்பெனி பிரஸ்ஸுலயும் உட்காரும். போட்டிக் கம்பெனிங்க ஒரே மரையில ஒத்துப் போயிருக்காங்க, நம்ம மொபைல் சார்ஜர்காரங்க இதைப் படிக்க எத்தனை வருஷம் எடுத்துக்கிட்டாங்க!

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் தராசு. பவுடரை 'கிரெய்ன்' கணக்குல நிறுப்பாங்க. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நம்ம பத்தர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கே, ஒரு மணி ஏறத்தாழ ரெண்டு கிரெய்ன். அந்த அளவுல பிசகினாலே ஆபத்து. எந்த புல்லட்டுக்கு எந்த பவுடர் எவ்வளவுன்னு கம்பெனிகள் சோதிச்சு புத்தகமே போடுறாங்க. அதை மீறி சொந்தமா யோசிக்கிறவனை பெரியவர் பட்டறைக்குள்ள விட மாட்டாராம்.

பிஸ்டல் தோட்டாவுல பவுடர் பாதி உறை கூட நிரம்பாது. மறதியா ரெண்டு தடவை கொட்டினாலும் வழியாது. சுட்டா துப்பாக்கியே சிதறலாம். கொட்டவே மறந்தா இன்னும் மோசம். பிரைமர் மட்டும் புல்லட்டைத் தள்ளி குழாய்க்குள்ள சிக்க வெச்சிடும், அடுத்த குண்டு அதுல போய் மோதும். அதனால வரிசையா அடுக்கின ஒவ்வொரு உறைக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பார்த்த பிறகுதான் புல்லட்டை வைக்கிறார். அந்த நேரத்துல டி.வி. கூடாது, பேச்சு கூடாது. எங்க வீடியோ காலையும் கட் பண்ணச் சொல்லிட்டார்!

இவ்வளவும் பண்ணா லாபமா? 250 டாலர் போட்டு, ஒரு தோட்டாவுக்கு 50 சென்ட் மிச்சம்னு வெச்சுக்குவோம். 500 தோட்டா சுட்ட பிறகுதான் போட்ட காசே திரும்பும். கடையிலேயே மலிவா கிடைக்கிற 9 எம்.எம்.முக்கு அந்த மிச்சமும் வராது, பெரிய ரைஃபிள் தோட்டாவுக்குத்தான் கட்டும். 2020-21-ல காசு கையில இருந்தவங்களுக்கே பிரைமர் கிடைக்காம அல்லாடினாங்க. "செலவு குறையல தம்பி, சுடுறதுதான் கூடிப்போச்சு"ன்னு பெரியவர் சிரிச்சார்.

ஆர்வக் கோளாறுல நான் கேட்டேன், "அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணு கீ-செயினுக்குக் கொண்டு வாயேன்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். எஃப்-1 விசாவுல இருக்கிற மாணவர்கள் வேட்டை லைசென்ஸ் மாதிரி விலக்கு இல்லாம தோட்டா வெச்சிருந்தா அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துல காலி உறை, பிரைமர், பவுடர் எல்லாமே 'தோட்டா'தான். நான் பார்த்த அத்தனை நேரமும் அவன் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டே நின்னது அதனாலதான். ஃப்ரெண்டு கூப்பிட்டான்னு துப்பாக்கி ரேஞ்சுக்குக் கிளம்புற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியுமான்னு தெரியல. மாட்டினா விசா காலி.

இங்கே மட்டும் என்ன? 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா ஜெயில். பெட்டிக்குள்ள மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக நம்ம ஏர்போர்ட்டுகள்ல பயணிகள் மாட்டின செய்தி எத்தனை வந்திருக்கு!

லீவுக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள், பட்டறைக்குப் போட்டுட்டுப் போன அந்த ஜீன்ஸை அண்ணன் மூணு தடவை உதறிப் பார்த்தானாம். எனக்கு வந்தது ரெண்டு பாக்கெட் சாக்லேட்.