இன்மையும் படைப்பும்

‘இல்லை’ என்னும் சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை வழங்குகிறோம் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் அரிசி இல்லை; கையில் பணம் இல்லை; தாத்தா இப்போது இல்லை. பொருளின் இன்மை, செல்வத்தின் இன்மை, உயிரின் இன்மை ஆகிய மூன்றையும் இவ்வொரு சொல்லே தாங்கி நிற்கிறது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் ‘இன்மை’ என்பது வறுமைக்கே பெயராகும். நெகிரி செம்பிலானின் செண்டாயான் வட்டாரத் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்த நம் முன்னோர் இம்மூவகை இன்மையையும் அறிந்தவர்கள். கடவுள் உலகை இன்மையிலிருந்து படைத்தார் என்னும் கிறித்தவக் கோட்பாட்டை விளக்கப் புகும் நாம், அவர்கள் அறிந்த அச்சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சைவக் குடும்பத்துப் பிள்ளையும் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்வர். ‘உலகைக் கடவுள் படைத்தார்’ என்று இருவருமே கூறுவர். ஆயினும் இருவர் மரபும் அத்தொடருக்குக் கொள்ளும் பொருள் ஒன்றன்று. சைவ சித்தாந்தம் இறை, உயிர், தளை ஆகிய மூன்றும் தொடக்கம் அற்றவை என்று கொள்கிறது. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். அவ்வாறே மாயையை முதற்காரணமாகவும், தன் சக்தியைத் துணைக்காரணமாகவும் கொண்டு இறைவன் உலகைத் தோற்றுவிக்கிறான் என்பது அம்மரபின் விளக்கம். இல்லாத ஒன்று ஒருபோதும் தோன்றாது என்பது அதன் அடிப்படை.

கிறித்தவ மரபோ, மண்ணும் எங்கிருந்து வந்தது என்று வினவுகிறது. கடவுளுக்கு முன்போ அவருக்கு இணையாகவோ எப்பொருளும் இருந்ததில்லை. மண்ணும் அவர் தந்ததே என்பது அதன் விடை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் தியோபிலு, லியோன் நகரின் இரேனியு ஆகியோர் இதனைத் தெளிவாக வற்புறுத்தினர். 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதனைத் திருச்சபையின் போதனையாக அறிவித்தது.

இங்கே மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம். ‘இன்மையிலிருந்து’ என்றால், இன்மை என்பதும் ஒருவகை மண்தானோ? இவ்வையம் பழமையானது. பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் என்னும் அறிஞர் இதற்கு எளிய விளக்கம் தந்தார். காரணமின்றி வருந்துபவனைப் பற்றி, ‘ஒன்றுமில்லாததற்கு வருந்துகிறான்’ என்கிறோம். அங்கே ‘ஒன்றுமில்லாதது’ என்று ஒரு காரணம் இருப்பதாக நாம் கருதுவதில்லை. காரணமே இல்லை என்றே கருதுகிறோம். ‘இன்மையிலிருந்து’ என்பதும் அத்தகையதே. அது மூலப்பொருளின் பெயரன்று. மூலப்பொருள் இல்லை என்னும் மறுப்பு.

இக்கருத்தைத் தமிழில் சொல்ல முயன்றோர் சொற்களோடு போராட வேண்டியிருந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு ‘சிருஷ்டி’ என்னும் வடசொல்லை ஆண்டது. அதன் வேர் ‘வெளிவிடுதல்’ என்னும் பொருளுடையது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘படைத்தல்’ என்னும் தமிழ்ச்சொல்லை ஆண்டது. தமிழில் படைத்தல் என்பது ஆக்குதலை மட்டும் குறிப்பதன்று. விருந்தினர்முன் உணவை இடுவதும் படைத்தலே. கடவுள் தமக்கு யாதொரு குறையும் இன்றி, பிறர் வாழ உலகை ஈந்தார் என்னும் கிறித்தவக் கருத்துக்கு இச்சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

இக்கோட்பாடு அறிஞர் அவையில் மட்டும் வளர்ந்ததன்று. இதன் பழைய சான்றுகளுள் ஒன்று, கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் காணப்படுகிறது. கொடுங்கோல் மன்னனின் முன் ஆறு மக்களை இழந்த தாய் ஒருத்தி, ஏழாம் மகனையும் இழக்கும் தறுவாயில் அவனிடம் பேசுகிறாள். முன்பு இருந்த பொருள்களிலிருந்து கடவுள் உலகை உண்டாக்கவில்லை என்று அவனுக்கு நினைவூட்டுகிறாள். இல்லாதிருந்ததை இருக்கச் செய்தவரால், இல்லாமற்போன தன் மக்களையும் மீண்டும் தர இயலும் என்பதே அவள் நம்பிக்கை. ‘இப்போது இல்லை’ என்று நாம் சொல்லும் துயரச் சொல்லே அவளிடம் நம்பிக்கையின் தொடக்கமாகிறது.

படைப்பு என்றோ நடந்து முடிந்த செயலும் அன்று. கதிரவன் மறைந்தால் காற்றில் ஒளி தங்காதவாறு, கடவுள் தாங்காவிடின் உலகு நிலைபெறாது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார்.

இறுதியாக, நம் வாழ்வோடு தொடர்புடைய ஒன்றைக் கூறி அமைவோம். தோட்டங்கள் சூழ்ந்திருந்த செண்டாயானில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரம் எழுந்துள்ளது. இத்தகைய மாற்றங்களைக் காணும்போது, ‘ஒன்றுமில்லாத இடத்தில் ஊரை உருவாக்கினார்கள்’ என்று சொல்லத் தோன்றும். இக்கோட்பாடு அச்சொல்லைத் திருத்துகிறது. இன்மையிலிருந்து படைப்பவர் கடவுள் ஒருவரே; மனிதர் எதைச் செய்தாலும், முன்பு இருந்த ஒன்றைக் கொண்டே செய்கின்றனர். நகருக்கு முன்பு தோட்டம் இருந்தது. தோட்டத்திற்கு முன்பு காடு இருந்தது. காட்டைத் திருத்திய கைகளும், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய கைகளும் இருந்தன. அவற்றை ‘ஒன்றுமில்லை’ என்று கருதினால், கடவுளுக்கே உரிய பெருமையை நாம் கவர்ந்துகொள்வதோடு, மனிதரின் உழைப்பையும் மறைத்தவர்கள் ஆவோம்.

‘இல்லார்’ என்று உலகம் அழைத்தவர்கள் இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் இருந்தார்கள் என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் கடன்; கேட்டு நினைவிற்கொள்வது மாணவர் கடன்.