வந்த வழி தேடும் மின்சாரம்

கடலூர்–சிதம்பரம் சாலையில், உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. இதுபோன்ற ஆலை வளாகங்களில் தரையோடு தரையாகச் சின்னச் சிமென்ட் மூடிகள் இருக்கும். பக்கத்தில் ஓர் எண், கடைசியாகச் சோதித்த தேதி, ஓம் கணக்கில் ஓர் அளவு. மூடியைத் தூக்கினால் ஒரு குழாயின் தலையும், அதில் முடுக்கிய உலோகப் பட்டையும் தெரியும். இதுதான் எர்த் குழி.

கசிகிற மின்சாரத்தை மண் குடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். மண் எதையும் குடிப்பதில்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் புறப்பட்டதோ அங்கேயே அது திரும்பியாக வேண்டும்.

மோட்டாருக்குள் காப்பு உரிந்த கம்பி ஒன்று இரும்புக் கூட்டில் பட்டுவிட்டது, எர்த்தும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வழக்கம்போல ஓடும். ஒருவர் கை வைக்கிறார். உடம்பின் தடை சுமார் 1000 ஓம், அழுத்தம் 230 வோல்ட். அவர் வழியாகப் பாய்வது 230 மில்லியாம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும். இதயத்தைத் தடுமாற வைக்க இதுவே தாராளம். ஃபியூஸோ இதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

அதனால் அந்தச் சின்னக் கசிவை ஃபியூஸ் கவனிக்கும்படி பெரிதாக்க வேண்டும். மண்ணை மட்டும் நம்பினால் நடக்காது. திரும்பும் பாதையில் 5 ஓம் தடை இருந்தாலே ஓடுவது 46 ஆம்பியர்தான். 63 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. எனவே மோட்டார் கூட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் வரை உலோகத்திலேயே பாதை போடுகிறார்கள். பழுது வந்ததும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஃபியூஸ் நொடியில் போய்விடும். மோட்டார் கூட்டுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

பிறகு குழி எதற்கு? மின்னல் இறங்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கத்தில் பழுது வந்தாலும் நாம் நிற்கும் தரையும் தொடும் இரும்பும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். இங்கேதான் மண் தன் குணத்தைக் காட்டுகிறது. ஒரு மீட்டர் கனசதுர மண் எதிரெதிர் முகங்களுக்கிடையே காட்டும் தடைக்கு மண் தடைத்திறன் என்று பெயர். உப்புநீர் ஊறிய களிமண்ணில் அது சில ஓம்-மீட்டர்தான். காய்ந்த மணற்கல்லில் ஆயிரத்தைத் தாண்டலாம். கடலூரில் இரண்டும் உண்டு: உப்பனாற்றங்கரைச் சேறு ஒரு பக்கம், திருப்பாதிரிப்புலியூரை அடுத்த கேப்பர் மலையின் செம்மணற்கல் இன்னொரு பக்கம். அதே குழாய், அதே ஆழம். தடை மட்டும் நூறு மடங்கு மாறலாம். ஆற்றங்கரைக்குச் சலுகை என்று பார்த்தால், அதே உப்பு குழாயை அரித்தும் தின்கிறது. மூடியருகே தேதி எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விந்தை: மூன்று மீட்டர் கம்பியை அடித்து இறக்கினால், மொத்தத் தடையில் பாதிக்கு மேல் அதைச் சுற்றிய ஒரு முழ மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கம்பியருகே மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. தள்ளிப் போகப் போகப் பரவ இடம் கிடைக்கிறது. ஊரையே பதப்படுத்த வேண்டியதில்லை, குழிக்குள் கரியும் உப்பும் போட்டால் போதும் என்பது இதனால்தான். (உப்பனாற்றங்கரையில் உப்பை மண்ணே தந்துவிடுகிறது.)

அந்தப் பரவலிலும் ஓர் ஆபத்து உண்டு. பெரிய பழுதின்போது குழிக்குப் பக்கத்துத் தரையில் அடிக்கு அடி அழுத்தம் மாறும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையிலான இந்த வித்தியாசம்தான் அடிவைப்பு மின்னழுத்தம். முன்காலும் பின்காலும் அகன்று நிற்கும் மாட்டுக்கு இது நம்மைவிட ஆபத்து. துணைமின் நிலையத்தில் தரை முழுக்க ஜல்லி பரப்புவது அழகுக்கல்ல. நனைந்த ஜல்லிகூட மின்சாரத்தை எளிதில் விடாது. அடியில் முடிந்தவரை நல்ல கடத்தி, மேலே முடிந்தவரை மோசமான கடத்தி!

ரசாயன ஆலையில் கம்பியே இல்லாத மின்சாரமும் உண்டு. டொலுயீன் என்ற கரைப்பான் குழாய் வழியே ஓடும்போது உராய்ந்து, பீப்பாயில் நிலைமின்னூட்டம் சேரும். டொலுயீன் ஆவி பற்றிக்கொள்ள மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றலுள்ள பொறி போதும். அவ்வளவு சின்னப் பொறி விரலில் பட்டால் நமக்கு உறைக்கக்கூட உறைக்காது. வால்வைத் திறக்கும் முன்பே பீப்பாயில் எர்த் கிளிப்பை மாட்டி, எல்லாம் முடிந்த பிறகே கழற்றுகிறார்கள். பெயின்ட்டின் மேல் கவ்வினால் பயனில்லை. அந்தப் பூச்சைக் கிழித்து இரும்பைத் தொடத்தான் கிளிப்புக்குக் கூரான பற்கள்.