என்டிஎம்-1 நொதியும் இயற்கைச் சேர்மங்களும்

என்டிஎம்-1 என்பது சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஒரு நொதியாகும். பென்சிலின் வகை மருந்துகளை மட்டுமல்ல, மற்றவை பலிக்காதபோது மருத்துவர்கள் நாடும் கார்பபெனெம் மருந்துகளையும் இது சிதைத்துவிடும். புது தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டறியப்பட்டதால், தில்லியின் பெயர் இதனுடன் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் அந்தப் பெயருக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரையில், சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் இந்நொதி இருந்தது. பெயரைவிட இதுவே கவலைக்குரிய செய்தி. இதற்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவக்கூடியது.

மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்க இயற்கைச் சேர்மத்தைத் துணை சேர்ப்பது புதிய உத்தி அன்று. மருந்துக் கடைகளில் அமாக்சிசிலினுடன் சேர்த்து விற்கப்படும் கிளாவுலானிக் அமிலம், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து வந்ததே. ஆனால் என்டிஎம்-1இடம் அது தோற்றுப்போகிறது. இந்நொதி துத்தநாக அயனிகளின் துணையால் இயங்கும் வேறு வகையைச் சேர்ந்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி ரைட் குழுவினர் 2014இல் இதற்கு ஒரு விடை கண்டனர். மண்ணில் வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒன்று சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின்-ஏ, நொதியிலுள்ள துத்தநாகத்தைப் பிடுங்கிவிடுகிறது. செடிகளின் இலையை வாடவைக்கும் நச்சாக 1960களிலேயே அறியப்பட்ட சேர்மம் இது! தனித்துக் கொடுத்தால் இது பாக்டீரியாவைக் கொல்லாது. என்டிஎம்-1 கொண்ட கிருமி தொற்றிய எலிகளுக்கு மெரோபெனெம் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, அம்மருந்து மீண்டும் வேலை செய்தது. எனினும் மனிதருக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை. நம் உடலின் பல நொதிகளுக்கும் துத்தநாகம் வேண்டும் என்பதால், பாதுகாப்பை உறுதிசெய்வது எளிதல்ல.

தாவரங்களும் இந்தக் கூட்டு உத்தியை அறிந்தே இருக்கின்றன. பெர்பெரிஸ் இனச் செடிகள் (நீலகிரியிலும் இவ்வினம் உண்டு) பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லியை உண்டாக்குகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவோ உள்ளே வரும் பெர்பெரினைத் தன் சவ்விலுள்ள புரதத்தால் வெளியே இறைத்துவிடும். இச்செடிகளில் சில, அந்த இறைப்பானை அடைக்கும் இன்னொரு சேர்மத்தையும் சேர்த்தே உண்டாக்குவது 2000இல் தெரியவந்தது.

அப்படியானால் மஞ்சள் கஷாயம் போதுமா என்று கேட்கலாம். போதாது. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவை ஒடுக்கினாலும், உண்ணும்போது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. இரத்தத்தில் சேரும் சிறிதளவும் விரைவில் வேறு பொருளாக மாறிவிடுகிறது.