தகுதியும் தயக்கமும்

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது அது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் சிறுவன். எனினும் எவர் பெயரையும் குடத்தில் இட்டுவிட இயலாது. வயது, நிலம், கல்வி, ஒழுக்கம் எனத் தகுதிகள் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நிலமில்லாதாரை விலக்கியது அக்காலத்தின் குறை. ஆயினும் முதலில் தகுதி, பிறகே ஓலை என்னும் முறை சிந்திக்கத்தக்கது.

மருத்துவமும் செவிலியர் பயிற்சியும் பயிலும் மாணவர் பலர் இம்முறையைத் தம்மளவில் மறந்துவிடுகின்றனர். "ஏதோ அதிர்ஷ்டத்தால் இடம் கிடைத்தது, என் அறியாமை ஒருநாள் வெளிப்பட்டுவிடும்" என உள்ளூர அஞ்சுகின்றனர். வெற்றியைத் தற்செயலுக்கும் தோல்வியைத் தம் இயலாமைக்கும் உரியதாக்குவதே இதன் இயல்பு. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், சாதனை புரிந்த பெண்களிடம் இந்நிலையைக் கண்டு 1978 இல் விளக்கினர். இது நோயன்று, தன்னையே போலி என்று ஐயுறும் மனநிலை.

தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020 இல் வந்தது. முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிட்டின. 2022 இல் சென்னை உயர்நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டில் சேர்வோரும் நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களே. எனவே அவ்விடம் இரவல் அன்று; உரிமை.

பின் தயக்கம் ஏன்? முதற்காரணம் மொழி. 'கல்லீரல்' எனப் பயின்ற மாணவி, வகுப்பில் 'ஹெபாட்டிக்' என்று கேட்டதும் திகைக்கிறாள். சொல் புதிது; பொருள் அவள் அறிந்ததே. அடுத்தது ஒப்பீடு. தன் உள்ளத்து அச்சத்தைப் பிறரது வெளித்தோற்றத்தோடு ஒப்பிடுகிறாள். அவர்களுக்கும் அச்சம் உண்டென்பதை அவள் அறியாள்.

இவ்வச்சம் மௌனத்தில் வளர்கிறது. இழப்பும் அவளோடு நிற்பதில்லை. ஐயத்தை மறைக்கும் பயிற்சி மருத்துவரால் நோயாளிக்கே தீங்கு நேரலாம். 'தெரியவில்லை, கற்பியுங்கள்' என்று கேட்பது தகுதியின்மையன்று, பொறுப்புணர்ச்சியே ஆகும். மூத்த மாணவரிடம் மனம்திறந்து பேசுதல், கற்றதை அன்றன்றே குறித்து வளர்ச்சியைக் கண்ணால் காணுதல், பிழையைப் பிழையாக மட்டும் கருதித் திருத்துதல் ஆகியன நற்பயன் தரும். கேள்வி கேட்பவரை எள்ளாதிருத்தல் ஆசிரியர் கடமை. "டாக்டருக்குப் படித்தும் இது தெரியாதா?" என்று கேட்காதிருத்தல் பெரியோர் கடமை.

மாணவச் செல்வங்களே! "நெஞ்சு கரிக்கிறது", "கைகால் குடைச்சல்" என்று முதியவர் சொல்லும்போது, அவர் படும் துன்பத்தை விளக்கமின்றி உணரும் செவி உங்களுக்கு உண்டு. ஆங்கிலக் கலைச்சொற்களை ஓரிரு ஆண்டில் கற்றுவிடலாம். மக்கள் மொழியோ உங்களோடு வளர்ந்தது. நோயாளியின் படுக்கையருகே அது பெருந்துணையாகும் என்பதை மறவாதீர்கள்.