குழந்தையின் நுரையீரலில் கட்டி

குழந்தைக்கு இருமல், காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. டாக்டர் நிமோனியா என்று மருந்து தருகிறார். பெரும்பாலும் குணமாகிவிடும். சில குழந்தைகளுக்குக் குணமாவதில்லை. மறுபடி எக்ஸ்ரே எடுத்தாலும் நெஞ்சில் அதே இடத்தில் அதே நிழல் தெரிகிறது. காசநோய் மருந்துக்கும் அது கரைவதில்லை. அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மிக அரிதாக, அது புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம். சிறு குழந்தைகளின் நுரையீரலில் வரும் ஒரு புற்றுநோய்க்குப் ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான்! டாக்டர்கள் பி.பி.பி. என்பார்கள். 1988-இல்தான் இதைத் தனி நோய் என்று விளக்கினார்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. தாய் சாப்பிட்ட உணவாலும் வருவதில்லை.

இந்த நோய் முதலில் காற்று நிறைந்த குமிழியாகத் தோன்றும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரியவரும். குமிழி உடைந்தால் நெஞ்சுக்குள் காற்று கசியும். திடீரென்று மூச்சுத் திணறும். சாதாரணக் குமிழிகளும் பார்க்க இப்படித்தான் இருக்கும். ஸ்கேனில் மட்டும் பார்த்து எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும். சும்மா விட்டால், சில குழந்தைகளுக்கு மூன்று நான்கு வயதில் அது கெட்டியான கட்டியாகிவிடும். மூளைக்கும் எலும்புக்கும் பரவலாம்.

குமிழியாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் 100 குழந்தைகளில் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். முழுதும் கெட்டியான பிறகு ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

நுரையீரலில் ஐந்து மடல்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் குழந்தை ஓடியாடி வளரும். கெட்டிக் கட்டிக்கு அறுவையோடு, பல மாதம் ஊசி மருந்தும் தேவை. முடி கொட்டும், பிறகு முளைக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. இந்த மருந்தால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அதனால் சிறு கிருமியும் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் வந்தால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. முடி முளைத்துவிட்டது, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பும்.

சென்னை அடையாறு, மும்பை டாடா மருத்துவமனைகளில் குழந்தைப் புற்றுநோய்க்கு என்றே தனிப் பிரிவு உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

டைசர்-1 என்ற மரபணுவில் ஏற்படும் பழுதே இந்த நோய்க்குக் காரணம் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். பல குழந்தைகளுக்கு இந்தப் பழுது தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வருகிறது. அதற்காக யாரையும் பழிப்பது நியாயம் இல்லை. இரத்தப் பரிசோதனையில் பழுது இருப்பது தெரிந்தால், தம்பி தங்கைகளையும் சோதிக்க வேண்டும். பழுதுள்ள கைக்குழந்தைக்கு, நோய் எதுவும் தெரியாவிட்டாலும், டாக்டர் சொல்லும் மாதத்தில் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும்.